திரையில் 9 நிமிடம்

வாஷிங் மெஷினின் திரையில் 0:09 என்று காட்டியது. அலமாரிப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் 0:09. மறுநாள் போடவேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு முடித்தேன். அப்போதும் அதே 0:09. டிரம் மெல்லச் சுற்றும், கொஞ்சம் வேகமெடுக்கும், உடனே தளர்ந்து நிற்கும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த 9 நிமிடம் முடிய 31 நிமிடம் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த அம்மா, "ஏம்ப்பா, இவ்வளவு நேரம் உள்ளே என்னதான் பண்ணுது அது?" என்று கேட்டார்.

நாற்பது வருடம் கையால் துணி துவைத்தவர் கேட்கிற கேள்வி அது. எத்தனை வாளித் தண்ணீரில் எத்தனை துணி அலசலாம், எதை எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம், எதை முறுக்கிப் பிழியலாம், எதை உதறி அப்படியே கொடியில் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் கைகளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவரிடம் "அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே ஒரு நோட்டை எடுத்து மெஷின் மேல் வைத்தேன். துணி வகை, எடை, எந்த ப்ரோகிராம், ஆரம்பத்தில் திரை காட்டிய நேரம், உண்மையில் முடிந்த நேரம் என்று ஐந்து பத்தி. நான்கு மாதத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஈடுகள் அதில் ஏறிவிட்டன. அம்மாவின் கேள்விக்கான பதில் அந்த நோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது.

எங்களிடம் முன்பு இருந்தது டாப் லோட் மெஷின். முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். துணி முழுக்க மூழ்கும்வரை தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அடியில் இருக்கும் தட்டைச் சுழற்றித் துணியைக் கலக்குகிற வகை. ஒரு முழு ஈட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். இப்போது இருப்பது முன்பக்கம் கதவுள்ள பிரன்ட் லோட். அது அதே துணியை 50, 60 லிட்டரில் துவைத்து அலசி முடித்துவிடுகிறது. ஆனால் முதல் நாளே திரையில் 2:10 என்று காட்டியது. முடிந்தபோது கடிகாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. இதில் இரண்டு கேள்விகள் இருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 2:10 ஏன் வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. அந்த 2:10 ஏன் 2:48 ஆகிறது என்பது இன்னொன்று. முதலாவது மெஷினின் இயல்பு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாலே ஒன்று தெரியும். உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாது. முக்கியத் துவைப்பின்போது அதிகபட்சம் 15 லிட்டர் அளவுதான் எடுக்கிறது. அதில் பெரும்பகுதியைத் துணியே குடித்துவிடும். டிரம்மின் உட்புறம் மூன்று முகடுகள் இருக்கும். அவை ஈரத்துணியை வாரி மேலே தூக்கிக்கொண்டு போய், உச்சிக்குச் சற்று முன்னால் கைவிடும். துணி தொப்பென்று கீழே விழும். அந்த விழுகைதான் துவைப்பு. அம்மா துணியை ஓங்கி அடிப்பாரே, அதே வேலையை மெஷின் புவியீர்ப்பைக் கொண்டு செய்கிறது. டிரம்மின் விட்டம் 48 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 61 சுற்றை எட்டியதும் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாமலே சுற்றத் தொடங்கிவிடும். அதனால் துவைக்கும்போது 45, 50 சுற்றுக்கு மேல் போகவே முடியாது. அவசரம் என்பதற்காக வேகமாகச் சுற்றினால் துணி விழாது. விழாவிட்டால் அழுக்குப் போகாது. ஒரு நிமிடத்தில் இத்தனை தடவைதான் விழ முடியும் என்று இருக்கும்போது, அதிக விழுகை வேண்டுமென்றால் அதிக நிமிடம் கொடுத்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை.

இதை இன்னும் தெளிவாகச் சொல்லும் ஒரு படம் இருக்கிறது. ஹெங்கெல் நிறுவனத்தில் வேலைசெய்த ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959இல் வரைந்த வட்டம் அது. எந்தச் சுத்தம் செய்கிற வேலைக்கும் நான்கு பங்காளிகள் உண்டு என்றார் அவர்: சோப்பு, சூடு, அசைவு, நேரம். நான்கும் சேர்ந்தால் வட்டம் நிறையும். ஒருவர் பங்கு குறைந்தால் மற்ற மூவரில் யாராவது அதைத் தாங்க வேண்டும். இதைப் படித்தபோது அம்மாவிடம் சொன்னேன். "இதுல என்ன இருக்கு? சுடுதண்ணி இல்லாத நாள்ல ராத்திரியே ஊறப்போடுவோம். ஊறப்போட நேரமில்லேன்னா கை வலிக்கக் கசக்குவோம்" என்றார். அவருக்கு அந்த வட்டம் பழக்கத்தில் இருந்தது. எனக்குத்தான் அது வாசித்துத் தெரிய வேண்டியிருந்தது.

பிரன்ட் லோட் மெஷின் எதைக் குறைத்து எதைக் கூட்டுகிறது என்று இப்போது பார்க்கலாம். தண்ணீரைக் குறைக்கிறது. அதோடு சூட்டையும் குறைக்கிறது. ஒரு மெஷின் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. 25 டிகிரியில் வருகிற 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற 0.61 யூனிட் வேண்டும். 40 டிகிரி போதும் என்றால் 0.26 யூனிட். துணியும் டிரம்மும் உறிஞ்சுகிற சூடு இதில் சேரவில்லை. 2000 வாட் ஹீட்டர் முதல் வேலைக்கு 18 நிமிடமும் இரண்டாவதற்கு 8 நிமிடமும் எடுக்கும். வருகிற தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் இதெல்லாம் இன்னும் நீளும். குளிர்காலத்தில் அதே ப்ரோகிராம் தாமதமாவதற்குக் காரணம் இது. சூட்டோடு ஒப்பிட்டால், டிரம்மை மெதுவாக உருட்டுவதற்கு மோட்டார் இழுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். ஆகவே மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைக்கும் ஒரு வடிவமைப்பாளர் சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டுகிறார். ஈக்கோ என்ற பெயருடைய ப்ரோகிராம்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது இதனால்தான். நேரம் நீண்டால் மின்சாரமும் கூடும் என்று நினைத்து ஈக்கோவைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். மின்கணக்கியை மாட்டி அளந்தபோது, சூடு அதிகமுள்ள ஒன்றேகால் மணி நேர ப்ரோகிராமைவிட மூன்றரை மணி நேர ஈக்கோ ப்ரோகிராம் குறைவாக இழுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஒவ்வொரு மெஷினிலும் ஈக்கோ 40-60 என்ற ப்ரோகிராம் இருக்க வேண்டும். 40 டிகிரியில் துவைக்கலாம் என்று குறியிட்ட பருத்தித் துணியையும் 60 டிகிரி என்று குறியிட்டதையும் ஒன்றாகப் போட்டால் அது சுத்தமாக்க வேண்டும். ஒட்டப்படும் மின்சார லேபிளில் அந்த ப்ரோகிராம் ஓடும் நேரத்தையும் மணி, நிமிடக் கணக்கில் அச்சிட்டாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. துவைப்பின் தரத்தையும் அங்கே சும்மா விட்டுவிடவில்லை. சோதனைத் துணியில் ஐந்து கறைகளை ஏற்றுகிறார்கள்: கரித்தூளும் கனிம எண்ணெயும் கலந்தது, ரத்தம், கொக்கோ, சிவப்பு ஒயின், நம் தோலில் சுரக்கும் எண்ணெய். துவைத்தபின் அந்தத் துணி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்து, ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கும் ஒரு மெஷினோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டு மெஷினின் மதிப்பு 1 என்றால் ஈக்கோ ப்ரோகிராம் 1.03க்கு மேல் வரவேண்டும்.

கறைகளைப் பிரித்து வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரத்தம் புரதம். அதைச் சுடுநீரில் போட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். தோல் எண்ணெய்க்குச் சூடு வேண்டும். கரித்தூளுக்கு அடி வேண்டும். புரதத்தையும் மாவுப்பொருளையும் கொழுப்பையும் கடித்து உடைக்கிற நொதிகள் இன்று சோப்புத்தூளில் இருக்கின்றன. ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1913இலேயே துணி துவைக்க நொதியைப் பயன்படுத்தும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்த நொதிகள் 30, 40 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். 60ஐத் தாண்டினால் பெரும்பாலானவை செயலிழக்கும். அவற்றுக்கு வேண்டியது பொறுமையான நேரம் மட்டுமே. ஊறப்போடுவது என்று அம்மா சொல்வதைத்தான் மெஷின் மெல்ல உருட்டியபடி செய்கிறது. எங்கள் வீட்டில் சட்டைக் காலர்களின் பழுப்பு வளையம் முக்கால் மணி நேர ப்ரோகிராமில் ஒருபோதும் முழுதாகப் போனதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தபோது போயிற்று.

15 நிமிட ப்ரோகிராம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை போட்டுக் கழற்றிய, வியர்வை மட்டுமே பட்ட, ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும் துணிக்கு அது போதும். அதில் சூடேற்ற நேரமில்லை, நொதிக்கு நேரமில்லை, அலசல்கள் குறைவு. அதில் டிரம்மை நிறைத்து, சோப்பையும் வழக்கம்போல் ஊற்றினால், அழுக்கும் போகாது, சோப்பும் போகாது.

ஈக்கோவில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். 60 என்று பெயரில் இருப்பதால் உள்ளே தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும் என்று நம்புகிறோம். பெரும்பாலும் போவதில்லை, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே நீண்ட நேரம் துவைத்து அதே வெளுப்பைக் கொண்டுவருகிறார்கள். வெளுப்புக்கு அது போதும், நோய்க்கிருமிக்குப் போதாது. படுக்கை விரிப்பில் இருக்கும் தூசிப்பூச்சிகளைக் கொல்ல 60 டிகிரி உண்மையாகவே வேண்டும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது துண்டையும் விரிப்பையும் நான் ஈக்கோவில் போடுவதில்லை. வெறும் "காட்டன் 60" போடுகிறேன். கையேட்டில் ப்ரோகிராம் வாரியாக எட்டும் சூடு எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். அதை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 2:10 எப்படி 2:48 ஆனது?

நோட்டில் நான் முதலில் கண்டுபிடித்தது தண்ணீர் எடுக்கும் நேரம். துவைக்க ஒருமுறை, அலச மூன்றுமுறை என்று ஒரு ஈட்டுக்கு நான்கு தடவை தண்ணீர் நிரம்ப வேண்டும். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வால்வு திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை குறித்தேன். முதல் நிரப்பலுக்கே ஏழு நிமிடத்துக்கு மேல் ஆனது. குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. பழுதுபார்க்க வந்தவரிடம் நோட்டைக் காட்டினேன். பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "சார், பின்னாடி ஹோஸ் மாட்டுற இடத்துல ஒரு சின்னச் சல்லடை இருக்கு. என்னிக்காவது கழட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றார். நான் பார்த்ததே இல்லை. கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் சல்லடை அது. நுண்மணலும் துருவும் சேர்ந்து அடைத்து, ஓரத்தில் ஒரு கீற்றுதான் திறந்திருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டினோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வந்த இடத்தில் 8 லிட்டர் வரத் தொடங்கியது. 55 லிட்டருக்கு முன்பு 27 நிமிடம், இப்போது 7 நிமிடம். அன்று 20 நிமிடம் குறைந்தது.

அடுத்தது நுரை. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நுரை பொங்கினால் நன்றாக வெளுக்கிறது என்பது நம் எல்லோருக்கும் சிறுவயதிலிருந்தே பழகிப்போன எண்ணம். பிரன்ட் லோட் மெஷினில் அது நேர் எதிர். துணி தொப்பென்று விழுவதுதான் துவைப்பு என்று சொன்னேனல்லவா? விழுகிற இடத்தில் நுரை மெத்தை போல் கிடந்தால் அடி விழாது. அதோடு முடியவில்லை. தண்ணீரின் மட்டத்தை மெஷின் ஒரு சிறு குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் அறிகிறது. நுரை அந்த அளவைக் குழப்புகிறது. வெளியேற்றும் பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும், நுரையைத் தள்ளத் திணறும். பிழியும்போது டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே நுரை சிக்கினால் டிரம் வேகமெடுக்காது. இதையெல்லாம் உணர்ந்துகொள்கிற மெஷின் சுற்றலை நிறுத்தி, நுரை அடங்கக் காத்திருந்து, தானாகவே இன்னொரு அலசலைச் சேர்த்துக்கொள்கிறது. திரையில் நேரம் நகராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான் அதுவரை மூடி நிறைய லிக்விட் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியாகக் குறைத்தேன். அடுத்த வாரம் அதிலும் கொஞ்சம் குறைத்தேன். துணியின் சுத்தத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. நேரம் மட்டும் இன்னும் 8, 10 நிமிடம் சுருங்கியது. துணிக்குள் எவ்வளவு பழைய சோப்புத் தங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. துவைத்துக் காய்ந்த துண்டுகளைச் சோப்பே போடாமல் 40 டிகிரியில் ஓடவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எங்கள் துண்டுகள் அன்று நுரைத்த நுரையைப் பார்த்து அம்மா பேசாமல் நின்றார். சில மாதங்களாகவே அவர் முன்கையில் ஓர் அரிப்பு இருந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு நெஞ்சு உறுத்தியது. அன்றிலிருந்து அவர் துணிக்கு மட்டும் கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துகிறேன். 12 லிட்டர் தண்ணீரும் 12 நிமிடமும் கூடச் செலவாகிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

தண்ணீரின் தன்மையையும் பார்க்க வேண்டும். உப்புத்தண்ணீர் என்றால் சோப்பு கூட வேண்டியிருக்கும், ஹீட்டரில் சுண்ணாம்பு படியும், படிந்த ஹீட்டர் சூட்டைத் தண்ணீருக்கு மெதுவாகவே கொடுக்கும். மென்மையான தண்ணீருக்குச் சோப்பு மிகக் கொஞ்சம் போதும். சோப்புப் பெட்டியின் பின்பக்கத்தில் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற அளவு பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அலசலில் ஏன் நடுநடுவே பிழிகிறது என்பதும் அம்மா கேட்ட கேள்விதான். "கடைசியில ஒரேயடியாப் பிழிஞ்சா போதாதா?" பதிலுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 கிலோ துணி துவைப்பு முடிந்ததும் 10 லிட்டர் சோப்புத்தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பிழியாமல் 12 லிட்டர் நல்ல தண்ணீர் சேர்த்து வடித்தால், துணியிலேயே தங்கிவிடுவது 22இல் 10 பங்கு. இப்படி மூன்று தடவை செய்தால் ஆரம்பத்தில் இருந்த சோப்பில் நூற்றுக்கு 9 பங்கு மிஞ்சும். அதே துணியை ஒவ்வோர் அலசலுக்கும் முன்னால் 5 லிட்டர் மட்டும் தங்கும்படி பிழிந்துவிட்டால், மூன்று அலசலுக்குப் பிறகு நூற்றுக்கு 2.5 பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அதே 36 லிட்டர். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்களும் ஒவ்வொரு வாளிக்கும் பிழிஞ்சுதான் அடுத்ததுல போடுவோம்" என்றார். ஐரோப்பிய விதியிலும் அலசலுக்கு ஒரு வரம்பு உண்டு: ஈக்கோ ப்ரோகிராம் முடிந்தபின் ஒரு கிலோ துணியில் 5 கிராமுக்கு மேல் சலவைப்பொருள் தங்கக்கூடாது.

கடைசியாக அந்த 0:09.

பிழியும் வேகத்துக்கு டிரம் போவதற்கு முன்னால் நிமிடத்துக்கு 80, 100 சுற்றில் துணியைச் சுவர் முழுக்கச் சமமாகப் பரப்பப் பார்க்கிறது. ஒரு பக்கம் கனம் கூடினால் மோட்டாரின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, வரம்பைத் தாண்டினால் நிறுத்தி, துணியை உதிர்த்து, மறுபடி பரப்பும். இது வீண் பிடிவாதம் இல்லை. அதே 48 சென்டிமீட்டர் டிரம் நிமிடத்துக்கு 1400 சுற்றில் சுழலும்போது அதன் சுவரில் புவியீர்ப்பைப் போல 500 மடங்குக்கு மேல் விசை. அரைக் கிலோ கனம் ஒரு பக்கமாகக் கூடிப்போனால், 260 கிலோ எடை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு திசையில் இழுப்பது போல இருக்கும். மெஷினுக்குள் 20 கிலோ அளவுக்குக் கான்கிரீட் கட்டிகளை வைத்திருப்பதும், தொட்டியைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு அதிர்வுதாங்கிகளில் நிறுத்தியிருப்பதும் இதற்காகத்தான். 1937இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் தானியங்கி வீட்டு மெஷினும் முன்கதவு வகைதான். இப்படிப்பட்ட தாங்கு ஏற்பாடு அதில் இல்லாததால் தரையோடு போல்ட் போட்டு முறுக்கவேண்டியிருந்தது.

என் நோட்டில் 0:09 நீண்டுபோன இரவுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. அதில் எட்டு இரவுகளில் ஒரே ஒரு கனமான பொருள் இருந்தது: ஒரு குளியலறை மிதியடி, அல்லது ஒரு பெரிய படுக்கை விரிப்பு. விரிப்பு சின்னத் துணிகளையெல்லாம் பை போல விழுங்கி ஓர் உருண்டையாகிவிடும். அந்த உருண்டையை எப்படிப் பரப்ப முடியும்? இப்போது விரிப்பு என்றால் இரண்டு விரிப்பு சேர்த்துப் போடுகிறேன், மிதியடியோடு அதே கனமுள்ள இரண்டு துண்டு. மெத்தையுறையின் பட்டன்களைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே தள்ளுகிறேன். மீதி மூன்று இரவுகளுக்குக் காரணம் மெஷினின் ஒரு கால். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். முன் இடது கால் தரையைத் தொடவே இல்லை. அரைச் சுற்று திருகி, பூட்டு நட்டை இறுக்கினேன். அதன்பிறகு 0:09 உண்மையாகவே 9 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பிழிதலில் அவசரப்படாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 5 கிலோ காய்ந்த துணியை எடைபோட்டுவிட்டுத் துவைத்து, 1400 சுற்றில் பிழிந்து மறுபடி எடைபோட்டேன்: 7.6 கிலோ. 800 சுற்றில்: 8.5 கிலோ. ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.63 யூனிட் சக்தி வேண்டும். டிரையர் வைத்திருப்பவர்களுக்கு அது நேராக மின்சாரம். கொடியில் காயவைப்பவர்களுக்கு மணிக்கணக்கு. வேகமாகப் பிழிய ஆகும் கூடுதல் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மென்துணிக்கும் எளிதில் மடிப்பு விழுகிற துணிக்கும் மட்டும் 600, 800 என்று குறைத்துக்கொள்ளலாம்.

மெஷினின் மேல் எழுதியிருக்கும் கிலோ கணக்கு காய்ந்த பருத்தித் துணிக்கானது. செயற்கை இழைக்கு ஏறக்குறைய அதில் பாதிதான், விரைவு ப்ரோகிராமுக்கு இன்னும் குறைவு. சரியான அளவு கையேட்டில் இருக்கும். டிரம்மின் உச்சிக்கும் துணிக்கும் நடுவே ஒரு கை அகலம் இடம் இருந்தால் துணிக்கு விழ இடம் இருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை துணி போடாமல் 60 டிகிரிக்கு மேல் ஓடவிடுகிறேன். எப்போதும் குறைந்த சூட்டிலேயே துவைத்தால் தொட்டியின் உட்புறம் வழவழப்பான ஒரு படலம் சேர்ந்து துணியெல்லாம் ஒருமாதிரி வாடை அடிக்கும். துவைத்து முடிந்ததும் கதவின் ரப்பர் மடிப்பைத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்தே விடுகிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் 2:10 என்று ஆரம்பித்தவை 2:14, 2:17 என்று முடிந்திருக்கின்றன. அந்தப் பக்கங்களில் பாதி அம்மாவின் கையெழுத்து. இப்போதெல்லாம் அவருக்குத் திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. நேற்று மாலை நான் அடுத்த அறையில் இருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது, நின்றது, டிரம் உருளத் தொடங்கியது. "இது மூணாவது அலசல். இன்னும் இருபது நிமிஷத்துல கொடியத் துடைச்சு வை" என்றார். நான் போய்த் திரையைப் பார்த்தேன். 0:21.